அன்னத்துக்கு என்ன கலர்?

பாலே நடனத்துக்கும், மாசக் கடைசியில் சம்பள எஸ்.எம்.எஸ்.ஸுக்காக செல்போனை முறைத்துக்கொண்டிருக்கும் நமக்கும் என்ன ஸார் சம்பந்தம் என்று ஜோக் பக்கத்துக்குத் தாவப் பார்க்கிறவர்கள் ஒரு பத்து நிமிஷம் உட்காரவும். சம்பந்தம் இருக்கிறது.

ஆடிட் வேலையாக என்னை ஆபீஸில் மூன்று மாசம் நியூ ஜெர்ஸிக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரு ஏப்ரல் மாசத்து வெள்ளிக்கிழமை சாயந்திரம், கூட வேலை பார்த்த தெலுங்கு நண்பர் ஒரு டிக்கெட்டை நீட்டினார். அவர் மனைவிக்காக வாங்கியது. அந்த அம்மாவுக்கு ஜுரம்.

"வேஸ்ட்டாப் போயிடும். வந்துடுங்க."

"என்ன படம்?"

"படம் இல்லை. பாலே."

ஓசி டிக்கெட்டை மறுப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. போனேன்.

மன்ஹாட்டனில் 55-வது தெருவில் சிட்டி சென்டர் என்று ஒரு அரங்கம். வெளியே பார்த்தால் டூமும் வளைவுகளுமாக மசூதி மாதிரி இருக்கும். 1923-ல் ஏதோ ஒரு ரகசிய சங்கத்துக்காரர்கள் கூட்டம் போடக் கட்டிக்கொண்டதாம். உள்ளே அன்றைக்கு டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லம் என்ற குழுவின் நிகழ்ச்சி. திரை உயர்ந்தது. ஆடினவர்களில் பெரும்பாலானவர்கள் கறுப்பர்கள். பெண்கள் கட்டை விரல் நுனியில் நின்று, ஏதோ புவியீர்ப்பு என்பது மற்றவர்களுக்கான சட்டம் போல, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டு போனார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது என்னவோ அவர்கள் செருப்பை.

ஒவ்வொருத்தி ஷூவும் ஒவ்வொரு நிறம். ஒன்று டிகிரி காபி, ஒன்று கடுங்காபி, ஒன்று பனங்கருப்பட்டி. காலில் இறுகப் பிடித்த டைட்ஸும் அதே நிறம். கால் எங்கே முடிகிறது, ஷூ எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இடைவேளையில் பக்கத்து சீட்டில் தொப்பி வைத்த ஒரு கறுப்பினப் பாட்டியம்மாவிடம், 'டிஸைனர் ரொம்ப யோசித்திருக்கிறார்' என்றேன். அவர் சிரித்துவிட்டார். டிஸைனருமில்லை, ஒன்றுமில்லை, காலங்காலமாக அவரவரே உட்கார்ந்து பூசிக்கொள்வது என்றார். தன் பெண் சின்ன வயசில் இந்தப் பள்ளியில் படித்ததாகவும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரியெல்லாம் சமையலறை மேஜையில் பேப்பரை விரித்து ஷூவுக்குக் கலர் அடிப்பதே தன் வேலையாக இருந்தது என்றும் சொன்னார்.

அன்று ராத்திரி தூங்காமல் ஆரம்பித்த தேடல் இன்னும் ஓயவில்லை.

முதலில் அந்த ஷூவைப் பற்றி. அதற்கு பாயின்ட் ஷூ என்று பேர். நுனியில் இரும்பு, கட்டை ஏதாவது வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறோம். கிடையாது. துணி, காகிதம், பசை, இதுகளை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்துக் கெட்டியாக்கியது. அதனால்தான் ஆடஆடத் தளர்ந்துவிடும். பெரிய நடனக்காரிகளுக்கு ஒரு ராத்திரிக்கு ஒரு ஜோடி காலி. விலை ஜோடி நூறு டாலருக்கு மேல். மேலே சாட்டின் துணி, வெளிர் ரோஸ் நிறத்தில். இந்த ரோஸுக்கு ஒரு காரணம் இருக்கிறது. பாலேவில் இடுப்பிலிருந்து விரல் நுனிவரை கால் ஒரே கோடாக, வெட்டில்லாமல் தெரிய வேண்டும். வெள்ளைக்காரப் பெண்ணின் காலுக்கு ரோஸ் டைட்ஸும் ரோஸ் ஷூவும் அந்தக் கோட்டை நீட்டிக் கொடுக்கும். அதே ஷூவைக் கறுப்புக் காலில் மாட்டினால் கணுக்காலில் கத்தரித்த மாதிரி கோடு நின்றுவிடும். ஆக, எந்தக் காரணத்துக்காக ரோஸ் வந்ததோ, அதே காரணத்துக்காக இவர்களுக்கு ரோஸ் ஆகாது. ஆனால் கடையில் ரோஸ்தான் கிடைக்கும்.

அதனால் முகத்துக்குப் பூசுகிற ஃபவுண்டேஷன் கிரீமை, தன் நிறத்துக்குப் பொருத்தமாகத் தேடி வாங்கி, ஸ்பாஞ்சால் ஷூ முழுக்கத் தடவி, ரிப்பனுக்கும் தடவிக் காயவைப்பார்கள். இதற்கு 'பான்கேக்' பண்ணுவது என்று தொழில் பேர். ஒரு ஜோடிக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம். நாளைக்கு அது பிய்ந்துபோகும். மறுபடி புது ஜோடி, மறுபடி ஸ்பாஞ்ச். வெள்ளைக்காரத் தோழி அந்த ஒரு மணி நேரத்தில் தூங்கலாம், இடுப்பு ஒத்தடம் கொடுத்துக்கொள்ளலாம், காதலிக்கக்கூடச் செய்யலாம். ஹார்லம் குழு 1974-லிலேயே, ரோஸ் வேண்டாம், டைட்ஸும் ஷூவும் அவரவர் தோல் நிறத்தில்தான் என்று முடிவெடுத்துவிட்டது. கடைக்காரர்கள் முடிவெடுக்க ரொம்ப வருஷம் ஆயிற்று. அதற்குப் பின்னால் வருகிறேன்.

(சின்ன வயசில் கலர் பென்சில் பெட்டியில் 'ஸ்கின் கலர்' என்று வெளிர் ஆரஞ்சில் ஒன்று இருக்குமே, ஞாபகமிருக்கிறதா? எங்கள் கிளாஸில் நாற்பத்திரண்டு பேர். அந்தக் கலரில் ஒரு பிரஹஸ்பதியும் இருந்ததில்லை. ஆனாலும் அப்பா, அம்மா, காந்தி, காமராஜர் எல்லோருக்கும் அதைத்தான் தீட்டினோம்.)

சரி, கறுப்பர்களை ஏன் பாலேவில் சேர்க்கவில்லை? 'எங்களுக்குப் பிடிக்காது' என்று யாரும் சொல்லவில்லை. படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'ஒரே மாதிரி இருக்க வேண்டும்' என்றார்கள். பின்னால் வரிசையாக நிற்கும் இருபத்துநான்கு அன்னங்களும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தால்தான் அழகு. நடுவில் ஒருத்தி நிறம் மாறினால் ஆடியன்ஸ் கவனம் சிதறும். ஆகவே மன்னிக்கவும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வரிசையில் இருக்கிறவர்களின் மூக்கு, முழங்கால், முடியின் நிறம் எதுவும் ஒன்றுபோல இல்லை என்பது நாலாவது சீட்டில் உட்கார்ந்தாலே தெரியும். ஸ்வான் லேக் மாதிரி நாடகங்களில் வெள்ளை என்பது உடுப்பின் வெள்ளை. அந்தக் காலத்து மங்கலான காஸ் வெளிச்சத்தில் வெள்ளை மஸ்லின் உடுத்தினால் ஆவி மாதிரி, நிலா மாதிரித் தெரியும் என்று செய்த ஏற்பாடு. நாளடைவில் வெள்ளை உடுப்பிலிருந்து தோலுக்கு இறங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் கதாநாயகியோ பறவை. பறவைக்கு ஜாதி சர்ட்டிபிகேட் கேட்டவர்கள் பாலேக்காரர்கள்தான். ஆஸ்திரேலியாவில் கறுப்பு அன்னம் குளம் குளமாக மிதக்கிறது.

1932-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜேனட் காலின்ஸ் என்ற பதினைந்து வயசுப் பெண் ஒரு பெரிய ரஷ்ய பாலே கம்பெனியின் தேர்வுக்குப் போனாள். ஆடி முடித்ததும் மற்ற பெண்கள் கை தட்டினார்களாம். கம்பெனியின் நடன அமைப்பாளர் மாஸீன் கூப்பிட்டு, எடுத்துக்கொள்கிறேன், ஆனால் மேடையில் உன் முகத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும், சம்மதமா என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து அழுதாள். பத்தொன்பது வருஷம் கழித்து 1951-ல் அதே ஜேனட் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபராவின் முதல்தர நடனக்காரியாக 'ஐடா'வில் ஆடினார். ஆனால் கம்பெனி தெற்கு மாநிலங்களுக்கு டூர் போகும்போது அவர் இடத்தில் வேறொருத்தி ஆடுவாள். அங்கே கறுப்பர் மேடையேறக்கூடாது.

இதைப் படித்தபோது எனக்கு நாலாம் வகுப்பு ஆண்டு விழா ஞாபகம் வந்தது. எந்தப் பள்ளி என்பது வேண்டாம். காளிங்க நர்த்தனம். எனக்கு முழு ஆட்டமும் அத்துப்படி. ரிகர்ஸலில் கிருஷ்ணன் வராத நாளெல்லாம் நான்தான் கிருஷ்ணன். விழா நெருங்கியதும் டீச்சர் வேறொரு பையனை நிறுத்தினார். அவன் சிவப்பாக இருப்பான், கன்னத்தில் குழி விழும். எனக்குப் பாம்பின் வால். தலைகூட இல்லை, வால். இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சிவப்புப் பையனை உட்காரவைத்து ஒரு மணி நேரம் நீலப் பவுடர் குழைத்துப் பூசினார்கள். கிருஷ்ணன் என்றாலே கறுப்பன் என்றுதான் அர்த்தம். தயாராக ஒருத்தன் வாலில் படுத்திருக்க, சிவப்பாக ஒருத்தனைப் பிடித்து நிறம் மாற்றினார்கள்.

வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ, மறுநாளிலிருந்து குளிக்கும்போது கடலை மாவில் எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்க்க ஆரம்பித்தாள். டீச்சர் மேல் கோபம் எப்போதோ போய்விட்டது. அந்தக் கடலை மாவு மட்டும் இன்னும் எரிகிறது. போன வருஷம் அக்கா பெண்ணின் நாட்டிய நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். மேக்கப்மேன் குழந்தை முகத்தை நாலு ஷேடு வெளுத்துவிட்டிருந்தார். கையும் கழுத்தும் ஒரு ஊர், முகம் வேறு ஊர். அக்கா, "லைட்டுல நல்லா இருக்கும்டா" என்றாள்.

இந்தப் பூசுகிற விவகாரம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2018-ல் பெர்லின் நகரத்து அரசு பாலே கம்பெனியில் ஷ்லோயே லோபஸ் கோம்ஸ் என்ற பிரெஞ்சுப் பெண் சேர்ந்தார். அங்கே சேர்ந்த முதல் கறுப்பினப் பெண். ஸ்வான் லேக்குக்கு வெள்ளைப் பூச்சு பூசிக்கொள்ளச் சொன்னார்கள் என்று 2020-ல் பத்திரிகைகளிடம் சொல்லிவிட்டார். கேஸ் சமாதானமாக முடிந்தது. 2021-ல் பதினாறாயிரம் யூரோ நஷ்ட ஈடு, இன்னும் ஒரு வருஷ வேலை. ஜேனட் காலின்ஸ் அழுதது 1932. கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர் எதிரும் நடக்கிறது. 2019 கடைசியில் ரஷ்யாவில் இரண்டு இளம் நடனக்காரிகள் உடம்பு முழுக்கக் கறுப்பு பூசிக்கொண்டு எடுத்த போட்டோவை ஒரு அமெரிக்க நடனக்காரி வெளியிட்டுக் கேள்வி கேட்டார். பல்ஷாய் தியேட்டர் இயக்குநரோ, ஆயிரக்கணக்கான தடவை இப்படித்தான் ஆடியிருக்கிறோம், மாற்றுவதாக இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த நாடகத்தின் பேர் 'லா பயடேர்'. அப்படியென்றால் கோயில் நாட்டியக்காரி. கதை நடக்கிற ஊர் ஸாட்சாத் இந்தியா! 1877-ல் பீட்டர்ஸ்பர்க்கில் பெத்திபா என்பவர் அமைத்தது. கதாநாயகி பேர் நிக்கியா, கதாநாயகன் ஸோலோர். நம் ஊர் எந்த ரேஷன் கார்டிலும் இல்லாத பேர்கள்.

பெத்திபாவுக்கு முப்பத்தொன்பது வருஷம் முன்னால், 1838-ல், கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து தேவதாசிப் பெண்கள் நிஜமாகவே கப்பலேறிப் பாரீஸ் போய் மேடையில் ஆடியிருக்கிறார்கள். அதில் அம்மணி என்ற பெண்ணைப் பார்த்துக் கிறங்கிப்போய் கோத்தியே என்ற பெரிய பிரெஞ்சு எழுத்தாளர் பத்தி பத்தியாக எழுதினார். பார் என்ற சிற்பி அவளுக்கு வெண்கலச் சிலை செய்தார். பாரீஸ் வாயைப் பிளந்து பார்த்த அசல் கோயில் நாட்டியக்காரி நம் தென்னாற்காட்டுக் கறுப்பி. பிறகு அந்த வேஷம் அப்படியே தங்கிவிட்டது, அதைப் போட்டுக்கொள்கிற உடம்பு மாறிவிட்டது. சரி, இது கிளைக் கதை. அமெரிக்காவுக்குத் திரும்புவோம்.

ரேவன் வில்கின்சன் என்ற பெயரை நான் அந்த ராத்திரிக்கு முன் கேட்டதில்லை. 1935-ல் நியூயார்க்கில் பிறந்தவர், பல் டாக்டரின் மகள். வெளுத்த நிறம். ஆனால் கறுப்பினம். 'பாலே ருஸ் த மான்ட்டி கார்லோ'வின் தேர்வுக்கு இரண்டு முறை போனார். இரண்டு முறையும் இல்லை என்றார்கள். நன்றாக ஆடுகிறாய், ஆனால் நாங்கள் தெற்கே டூர் போகிறவர்கள், உன்னை வைத்துக்கொண்டு எப்படி என்று தோழி ஒருத்தி காதில் போட்டு வைத்தாள். மூன்றாவது முறையும் போனார். (நாமெல்லாம் இரண்டாவது இண்டர்வியூவிலேயே 'கம்பெனி சரியில்லை' என்று முடிவு கட்டிவிடுவோம்.) 1955-ல் எடுத்துக்கொண்டார்கள். பெரிய கிளாஸிகல் பாலே கம்பெனியில் முழு நேரம் ஆடிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

ஒன்றிரண்டு வருஷம் ஒன்றும் தெரியாமல் ஓடியது. 1957-ல் அட்லான்டாவில் ஒரு ஓட்டல். மானேஜரம்மா கேட்டாள்: நீ கறுப்பினமா? இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ரேவன் ஆமாம் என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு கறுப்பர்களுக்கான விடுதிக்குப் போகச் சொன்னார்கள். போனார். கூட ஆடுகிறவர்கள் எல்லோரும் இங்கே, அவர் மட்டும் அங்கே.

இன்னொரு முறை அலபாமா மாநிலம் மான்ட்கமரி. ஊருக்குள் பஸ் நுழையும்போதே கூ கிளக்ஸ் கிளான் கும்பல். ஓட்டல் சாப்பாட்டு ரூமில் போய் உட்கார்ந்தார். சுற்றிலும் அப்பா, அம்மா, குழந்தைகள் என்று குடும்பம் குடும்பமாக, சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். நல்ல மனுஷர்கள் என்று நினைத்தாராம். பிறகுதான் பார்த்தார், பக்கத்து நாற்காலியில் குவியலாக வெள்ளை அங்கிகள். கிளான் அங்கிகள். மாநாட்டுக்குக் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். எனக்கு இதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. வில்லன் என்றால் அடியாட்களோடு வருவான் என்றே சினிமாவில் பார்த்துப் பழகிவிட்டோம். குழந்தைக்கு ஊட்டிவிட்டுக்கொண்டு இருந்தால் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

அதே ஊரில் இரண்டு பேர் மேடையிலேயே ஏறி, எங்கே அந்தக் கறுப்பி என்று இதைவிட அசிங்கமான வார்த்தையில் கேட்டார்கள். நடனக்காரர்கள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வந்தவர்கள் முகம் முகமாகப் பார்த்தார்கள். வித்தியாசம் தெரியாமல் இறங்கிப் போய்விட்டார்கள். 'ஒருத்தி நிறம் மாறினால் ஆடியன்ஸ் கவனம் சிதறும்' என்ற வாதத்தை இந்த இடத்தில் தயவுசெய்து மறுபடி ஒரு தடவை படிக்கவும்.

ஆபத்து கூடியதும் தெற்கு டூர்களில் அவரை விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். கம்பெனியில் மூத்தவர் ஒருவர் வந்து பதமாகச் சொன்னார்: இதற்கு மேல் உனக்கு ஏறுபடி கிடையாது, கறுப்பினத்து அன்ன ராணியை யார் பார்ப்பார்கள்? அந்தப் பதம்தான் தாங்க முடியாதது. ஆபீஸில் புரமோஷன் லிஸ்ட் வருவதற்கு முந்தின நாள், 'உங்களை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்' என்று ஆரம்பிப்பார்களே, அதே குரல். 1961-ல் ரேவன் விலகினார். கொஞ்ச காலம் கன்னிமாடத்தில் இருந்தார். அமெரிக்காவில் வேலையில்லை. 1967-ல் ஹாலந்து நாட்டு தேசிய பாலே கூப்பிட்டது. போய் ஆறேழு வருஷம் ஆடினார். திரும்பிவந்து நியூயார்க் சிட்டி ஆபராவில் நடனம், அப்புறம் வயசானபின் மேடையில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போகும் சின்ன வேஷங்கள். 2011 வரைக்கும்.

அதே 1955-ல், நியூயார்க் சிட்டி பாலேவில் ஒரு பையன் சேர்ந்தான். ஹார்லத்தில் பிறந்து, ஷூ பாலிஷ் போட்டுக் குடும்பத்துக்குக் காசு கொடுத்த ஆர்தர் மிட்செல். அங்கே முதலாளி பாலன்ஷைன். ரஷ்யக்காரர், மேதை, பிடிவாதக்காரர். 1957 டிசம்பரில் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு 'அகான்' என்று ஒரு புது நடனம் அமைத்தார். அதன் நடுவில் ஒரு ஜோடி ஆட்டம். ஆண் மிட்செல். பெண் டயானா ஆடம்ஸ், பால் வெள்ளை. உடுப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, பயிற்சி உடைதான். கறுப்புக் கையும் வெள்ளைக் கையும் பின்னிப் பின்னி, யார் கால் எது என்று திகைக்கிற மாதிரி அமைத்திருந்தார். நிற வித்தியாசத்தை மறைக்கிற காரியமே இல்லை. அதையே கோலமாகப் போட்டுவிட்டார்.

அது எந்தக் காலம் என்று யோசியுங்கள். மூன்று மாசம் முன்புதான் லிட்டில் ராக் என்ற ஊரில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு ராணுவம் துப்பாக்கியோடு துணைக்கு வந்தது. கறுப்பரும் வெள்ளையரும் கல்யாணம் செய்துகொள்வது பல மாநிலங்களில் குற்றம்; சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டங்களைத் தூக்கியது 1967-ல். மிட்செல் அந்த ஜோடி ஆட்டத்தை டெலிவிஷனில் ஆட 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மனுஷன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து ஆடியதை வீட்டு ஹாலில் பார்க்கப் பதினோரு வருஷம்!

அதே 1968 ஏப்ரலில், பிரேஸிலில் ஒரு பாலே கம்பெனி அமைத்துக் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த மிட்செலுக்கு மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுக்கிறேன், என் தெருவுக்கு என்ன செய்தேன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். மறு வருஷம் தன் பழைய வாத்தியார் காரல் ஷூக்கை - அவர் வெள்ளைக்காரர் - சேர்த்துக்கொண்டு ஹார்லத்தில் பள்ளி ஆரம்பித்தார். சர்ச்சின் நிலவறையில் முப்பது பிள்ளைகள். இரண்டே மாசத்தில் நானூறு. இடம் போதாமல் 152-வது தெருவில் பழைய கராஜ் ஒன்றுக்கு மாறினார்கள். வெயிலுக்குக் கதவைத் திறந்துவைத்தால் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். வேடிக்கை பார்த்த பையன்களை உள்ளே இழுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இறுகப் பிடித்த டைட்ஸைப் போட்டுக்கொண்டு தெருவில் தலைகாட்ட எந்தப் பையன் சம்மதிப்பான்? நம்ம ஊரில் சலங்கை கட்டின பையனைத் தெருமுனை டீக்கடை என்ன பாடு படுத்தும் என்று தெரியாதா! மிட்செல் சட்டத்தை மாற்றினார். வெட்டின ஜீன்ஸும் பனியனும் போதும், வா. முரசு வாசிக்கிறவர்களையும் உள்ளே கொண்டுவந்தார். பையன்கள் வந்தார்கள். வந்த பிறகு டைட்ஸ் தானாக வந்தது.

அந்தக் கராஜிலிருந்து கிளம்பிய குழு உலகம் சுற்றியது. 1992-ல் தென்னாப்பிரிக்காவுக்கே போய் ஆடியது. 1984-ல் அவர்கள் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'ஜிஸெல்' என்று பழைய ஐரோப்பியக் காதல் கதை, பிரபு வம்சத்துப் பையன், குடியானவப் பெண். அதை அப்படியே 1841-ம் வருஷத்து லூயிஸியானாவுக்கு மாற்றினார்கள். அங்கே அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கறுப்பர்களுக்குள்ளேயே உயர்வு தாழ்வு இருந்தது. எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறைக்கு முன் விடுதலையானது என்பதுதான் அந்தஸ்து. பாட்டன் காலத்தில் விடுதலையானவன், நேற்று விடுதலையானவனுக்குப் பெண் கொடுக்க மாட்டான். இதை ஒரு தமிழ்நாட்டுக்காரனுக்கு விளக்கவே வேண்டியதில்லை.

2004-ல் கடன் கழுத்தை நெரித்து, நடனக் குழுவையே மூடிவிட்டார்கள். பள்ளி மட்டும் ஓடியது. மறுபடி குழு மேடையேறியது 2012-ல். நடுவில் எட்டு வருஷம். ஒரு நடனக்காரியின் ஆயுளில் எட்டு வருஷம் என்பது நம் ஆபீஸ் சர்வீஸில் இருபது வருஷத்துக்குச் சமம். பதினெட்டு வயசில் தயாராக நின்ற பெண்களுக்குக் கதவு திறந்தபோது இருபத்தாறு.

2015-ல் மிஸ்டி கோப்லாண்ட் அமெரிக்கன் பாலே தியேட்டரின் பிரின்ஸிபல், அதாவது உச்சிப் பதவிக்கு வந்தார். அந்தக் கம்பெனியின் எழுபத்தைந்து வருஷ சரித்திரத்தில் முதல் கறுப்பினப் பெண். ஆறு குழந்தைகளில் ஒருத்தி. மோட்டல் ரூமில் குடும்பம். பதின்மூன்று வயசில், பொதுமக்கள் கிளப்பின் பாஸ்கெட்பால் மைதானத்தில்தான் முதல் பாடம். மற்ற பெண்கள் ஐந்து வயசில் ஆரம்பித்துவிடுவார்கள். (ரஷ்யப் போட்டோவை வெளியிட்டது இவர்தான்.) பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் 'முதல்', 'முதல்', 'முதல்'.

எனக்கு இந்த 'முதல்' என்ற வார்த்தை மேல்தான் சந்தேகம். 1990-லேயே ஹூஸ்டன் பாலேவில் லாரன் ஆண்டர்சன் பிரின்ஸிபல் ஆனார். அப்போதும் முதல் என்று எழுதினார்கள். அதற்கும் எட்டு வருஷம் முன்னால் 1982-ல் பென்ஸில்வேனியா பாலேவில் டெப்ரா ஆஸ்டின் ஆகியிருக்கிறார். அதற்கும் முன்னால் 1975-ல் ஹார்லம் குழுவின் லிடியா அபார்க்கா 'டான்ஸ் மேகஸின்' அட்டையிலேயே வந்துவிட்டார். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் முதல் தடவை என்று எழுதினால், நடுவில் யாரோ சாத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை யாரும் தலைப்பாகப் போடுவதில்லை. தன் பெயரை உலகமே மறந்துபோனதைப் பார்த்த லிடியாவும், கூட ஆடிய நாலு பெண்களும், கொரோனா சமயத்தில் வாராவாரம் ஜூமில் கூடி, பழைய போட்டோ, பழைய நோட்டீஸ் எல்லாவற்றையும் பரணிலிருந்து இறக்கினார்கள். கோபமாக இல்லை, மிஸ்டி நம் பெண்தான், ஆனால் நாங்களும் இருந்தோம் என்றுதான். அவர்களைப் பற்றி 2024-ல் புத்தகமே வந்துவிட்டது. வயசான காலத்தில், தாங்கள் இருந்ததற்குத் தாங்களே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

மிஸ்டி 2025 அக்டோபரில் அந்தக் கம்பெனியிலிருந்து விடைபெற்றார். பாரீஸ் ஆபராவில் 2023-ல் கியோம் தியோப் என்ற இளைஞர் உச்சப் பட்டமான 'எத்வால்' ஆகியிருக்கிறார். இருபத்து மூன்று வயசு. அங்கேயும் முதல் கறுப்பர். இரண்டாமவர் எப்போது என்று நான் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு காட்சி சொல்லி முடிக்கிறேன். 2015 ஜூன் 24, நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபரா ஹவுஸ். மிஸ்டி நியூயார்க்கில் முதல் முறையாக ஸ்வான் லேக் ஆடி முடித்திருந்தார், அன்ன ராணியாக. கைதட்டல் ஓயவில்லை. பூங்கொத்தோடு இரண்டு பெண்கள் மேடைக்கு வந்தார்கள். ஒருவர் லாரன் ஆண்டர்சன். இன்னொருவர் எண்பது வயசு ரேவன் வில்கின்சன். அந்தப் பிரின்ஸிபல் அறிவிப்பு வந்தது ஆறு நாள் கழித்துத்தான்.

ரேவன் 2018 டிசம்பரில் இறந்தார். ஆர்தர் மிட்செல் அதே வருஷம் செப்டம்பரில். லண்டனில் 1929-லிருந்து பாலே ஷூ தைத்துவரும் ஃப்ரீட் கம்பெனி, 'பாலே பிளாக்' என்ற குழுவோடு சேர்ந்து, பிரவுனிலும் வெண்கல நிறத்திலும் பாயின்ட் ஷூவைக் கடைக்குக் கொண்டுவந்ததும் அதே 2018-ல்தான்.